நான் அச்செடுக்காத செய்திகள்

ஆம்பூரில் ஒரு ஷூ பேக்டரியின் கம்ப்யூட்டர் அறையில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் சேர்ந்தவள். கம்ப்யூட்டர் அறை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று கம்ப்யூட்டர், கிரீச் கிரீச்சென்று கத்தும் ஒரு பிரின்டர், எங்களுக்காக அல்லாமல் கம்ப்யூட்டருக்காகப் போட்ட ஒரு ஏ.சி. இன்டர்நெட் எங்களுக்குக் கிடையாது. வெளிநாட்டுப் பார்ட்டிகளுக்கு மெயில் போடுவதற்காக மேனேஜர் அறையில் மட்டும் இருந்தது. நாங்கள் அந்தப் பக்கம் போனாலே அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

அதனால் சனிக்கிழமை சாயந்திரங்களில் பஜாரில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போவேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பிளைவுட் தடுப்புக்குள் நுழைந்து உட்கார வேண்டும். பள்ளிக்கூட வாத்தியாரான என் அப்பா, நான் அங்கே போய் வேலைக்கு விண்ணப்பம் போடுவதாக நினைத்துக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை. உண்மையில் நான் போனது ஒரு குழுவுக்காக.

மெயில் வழியாக நடந்த குழு அது. எந்தெந்த ஊரிலிருந்தோ ஆயிரக்கணக்கான பேர் அதில் இருந்தார்கள். யார் முகமும் யாருக்கும் தெரியாது. புதிதாக ஒரு புரோகிராமிங் மொழி வந்தால் அதைப் பற்றி ஒருவர் எழுதுவார், உடனே நாலு பேர் அது உருப்படாது என்று சண்டைக்கு வருவார்கள். படிப்பைப் பாதியில் விட்ட இரண்டு பேர் ஏதோ கம்பெனி ஆரம்பித்தார்கள், கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று ஒரு சேதி வரும். அடுத்த மாதம் அதே கம்பெனியின் நாற்காலிகள் ஏலத்துக்கு வந்த சேதியும் வரும். நான் அதில் செய்தி போடுகிறவள். வேறு எங்கெங்கோ தேடி, நல்லதாகப் பட்டதை எடுத்துக் குழுவில் போடுவேன். யாராவது ஒருவர் ‘நல்ல லிங்க், நன்றி’ என்று ஒரு வரி எழுதினால் போதும், ஒரு வாரத்துக்கு எனக்குத் தலைகால் புரியாது. சொந்தமாக எதையும் செய்யத் தெரியாமல், அடுத்தவன் செய்ததை முதலில் சொல்வதிலேயே பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன் என்பது இப்போது தெரிகிறது.

எங்கள் அறைக்கு இன்னொரு பெண் வந்தது நான் சேர்ந்த அடுத்த வருடம். மாதனூர் பக்கத்துக் கிராமம், கம்பெனி பஸ்ஸில் வருவாள். என்னைவிட மூன்று வயது சின்னவள். கட்டிங் செக்‌ஷனில் செக்கராகச் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் படித்து, மேனேஜரிடம் தானே போய்க் கேட்டு மாறி வந்தவள். ஒரு ஜோடி ஷூவுக்கு எவ்வளவு தோல் பிடிக்கும், எவ்வளவு வீணாகும் என்று ஒவ்வொரு மாடலுக்கும் கண்டுபிடித்துச் சொல்வது அவள் வேலை.

எனக்கு ஒரு செய்தி தெரிந்தால் அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும். குழுவில் படித்ததை அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கதை கேட்பதுபோல் கேட்க மாட்டாள். “அப்புறம் அந்தப் புரோகிராம்ல இன்னாக்கா தப்பு?” என்று குடைவாள். எனக்குப் பதில் தெரியாது. கடைசியில் ஒரு வழி செய்தேன். சனிக்கிழமை குழுவில் வந்ததையெல்லாம் ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டு வந்து, திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் பிரின்டரில் அச்செடுத்துக் கொடுப்பேன். அவளால் பிரவுசிங் சென்டருக்கு வர முடியாது. ஷிஃப்ட் முடிந்ததும் பஸ் கிளம்பிவிடும், அதை விட்டால் ஊருக்குப் போகப் பெரும்பாடு பட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலை. அதனால் என் தாள்கள்தான் அவளுக்கு இன்டர்நெட்.

இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட நீளமான தாள் அது. மடித்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் படிப்பாள். தமிழ் மீடியம் படித்தவள் என்பதால் கடினமான வார்த்தைகளுக்குப் பக்கத்தில் நான் பென்சிலால் அர்த்தம் எழுதிக் கொடுப்பேன். ஆறு மாதத்தில் என் பென்சிலுக்கு வேலை குறைந்துபோனது. ஒரு வருடத்தில், குழுவில் பெரிய ஆள் என்று எல்லோரும் பயப்படுகிற ஒருவர் எழுதிய புரோகிராமில் தப்பு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றாள். தப்பு இருக்கத்தான் செய்தது.

ஒரு வாரம் குழுவில் ஒரு கேள்வி வந்திருந்தது. ஒழுங்கில்லாத வடிவமுள்ள துண்டுகளை ஒழுங்கில்லாத ஒரு பரப்பில் வீணாகாமல் அடுக்க எப்படிப் புரோகிராம் எழுதுவது என்று யாரோ கேட்டிருந்தார்கள். படித்தவர்கள் எல்லாம் பெரிய துண்டை முதலில் ஓரத்தில் வை, பிறகு சின்னது என்று கணக்கோடு எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு அவள் சிரித்தாள்.

“ஓரத்துல போய் பெருச வப்பாங்களாக்கா? ஓரம் வயித்துத் தோலு, இழுத்தா நீளும். முதுகுலதான் நல்ல தோலு. எங்க கட்டர் அண்ணங்க முள்ளு கீறின எடம், உண்ணி கடிச்ச எடம் எல்லாத்தையும் சாக்பீஸ்ல மொதல்ல வளைச்சிடுவாங்க. ஷூவோட முன்பாகத்த முதுகுல வப்பாங்க. நாக்கு, பட்டினு சின்னதெல்லாம் அந்தக் கீறலச் சுத்திச் சொருவுவாங்க. கெட்ட எடத்த மொதல்ல பாக்கணும், துண்ட அப்புறம் பாக்கணும்.”

“இதையே எழுதிக் குடு, போடறேன்” என்றேன்.

இரண்டு நாளில் எழுதிக் கொடுத்தாள். வெறும் வார்த்தை இல்லை, முழுப் புரோகிராம். நான் என் கணக்கிலிருந்து போட்டேன், கீழே அவள் பெயரை எழுதினேன். அதில் நான் நேர்மையாகத்தான் இருந்தேன். அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தால் அதற்கு வந்த பதில்களே திரை நிறைய இருந்தன. நான் அத்தனை வருடம் போட்ட லிங்க்குகளுக்கு வந்த நன்றியை மொத்தமாகச் சேர்த்தாலும் அவ்வளவு தேறாது.

அதற்கடுத்த வாரம் கடிதம் வந்தது. பெங்களூரில் புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு சின்னக் கம்பெனி. துணியோ தோலோ தகரமோ, எதை வெட்டுவதானாலும் வீணாகாமல் வெட்டுவதற்கு ஒரு சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தார்கள். குழுவில் அந்தப் புரோகிராமை எழுதிய பெண் எங்களோடு வந்து வேலை செய்ய முடியுமா, மூன்று வாரத்துக்குள் பதில் சொன்னால் நல்லது என்று எழுதியிருந்தார்கள். பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து அதை மூன்று தடவை படித்தேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்தான், சத்தியமாகச் சந்தோஷம்தான். வயிற்றெரிச்சல் மறுநாள் காலை சர்ச்சில் உட்கார்ந்திருக்கும்போது ஆரம்பித்தது. பாதிரியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இத்தனை வருடமாகக் குழுவே கதி என்று கிடந்தவள் நான், கடிதம் அவளுக்கா என்பதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. அவள் போய்விட்டால் திங்கட்கிழமை நான் யாருக்குத் தாள் கொண்டுபோவேன்?

கடிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டேன். அதை மறைக்கிற அளவுக்கு நான் மோசமில்லை என்று எனக்கு நானே சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டேன். அவள் படித்து முடித்துவிட்டு முதலில் கேட்டதே இதைத்தான்.

“அக்கா, இந்தக் கம்பெனி நிக்குமா?”

கேட்டதில் தப்பில்லை. டாட் காம் கம்பெனிகள் வரிசையாகப் படுத்துக்கொண்டிருந்த நேரம் அது. அவளுக்கு பேக்டரியில் நிரந்தர வேலை. வீட்டில் அதை நம்பித்தான் தம்பியைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். போய் இரண்டு மாதத்தில் கம்பெனியை மூடிவிட்டால் திரும்பி வந்து நிற்க இடம் இருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். அவள் அப்பா ஒரு டேனரியில் தோல் அலசுகிற டிரம்மில் வேலை பார்ப்பவர். எனக்கு நாற்காலியைப் போட்டுவிட்டு அவர் நின்றுகொண்டே பேசினார்.

“எனக்கு இன்னாம்மா தெரியும். நான் பெங்களூரு போனதே ரெண்டு வாட்டி. நீ வாரா வாரம் படிக்கிறவ. போலாம்னு நீ சொன்னா ஆம்பூர்ல நானே ரயில் ஏத்தி வுடறேன். வேணாம்னா வேணாம்.”

அப்போதே வாயைத் திறந்து, போகட்டும் என்று சொல்லியிருக்கலாம். இல்லை, எனக்குப் பயமாக இருக்கிறது, இவள் போனால் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் பெரிய மனுஷி தோரணையில் வேறொன்று சொன்னேன்.

“நான் எதுக்குப்பா சொல்லணும்? இன்னும் ரெண்டு வாரம் டைம் இருக்கு. குழுவுல வர்ற நியூஸெல்லாம் பிரிண்ட் எடுத்துக் குடுக்கறேன். அவளே படிச்சி முடிவு பண்ணட்டும்.”

எவ்வளவு நியாயமான பேச்சு! அவர் முகத்தில் வந்த நிம்மதியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அடுத்த நாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ஃபிளாப்பியைப் போட்டேன். நாற்பதுக்கும் மேற்பட்ட செய்திகள் இருந்தன. வழக்கமாக எல்லாவற்றையும் மொத்தமாகத்தான் அச்சுக்கு அனுப்புவேன். அன்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒரு கம்பெனி ஒரே நாளில் பாதிப் பேரை அனுப்பிய செய்தி, அதை அச்சுக்கு அனுப்பினேன். சம்பளம் வராமல் மூன்று மாதம் காத்திருந்தவரின் புலம்பல், அதையும் அனுப்பினேன். கதவில் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவரின் கதையும் போனது. பெங்களூரில் சின்னக் கம்பெனிகள் தாக்குப்பிடிக்கின்றன, ஆள் எடுக்கிறார்கள் என்று ஒருவர் விளக்கமாக எழுதியிருந்ததைப் படித்துவிட்டு மூடினேன். புரோகிராமிங் பற்றி அவளுக்குப் பிடித்த மாதிரி வந்திருந்த இரண்டு நல்ல கட்டுரைகளையும், அதுபோல் இன்னும் பலதையும் மூடினேன். அவளுக்கு உற்சாகம் எதற்கு?

இரண்டாவது வாரம் வந்ததுதான் என்னைத் தூங்க விடாதது. அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்க்கும் ஒரு பெண் குழுவுக்கு எழுதியிருந்தாள். நாங்கள் ஒன்பது பேர், இரண்டு பேர் பெண்கள், மாடியில் உட்கார்ந்து வேலை செய்கிறோம், ஹாஸ்டல் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது, பெரிய துணி மில் ஒன்று எங்கள் சாஃப்ட்வேரை வாங்கிவிட்டது, தோல் வெட்டுவதைப் பற்றி எழுதிய அந்தப் பெண் வருவாள் என்று எல்லோரும் காத்திருக்கிறோம் என்று. அன்று நின்றுகொண்டே பேசிய அவள் அப்பாவுக்குத் தெரிய வேண்டியது எல்லாம், நானே உட்கார்ந்து கேள்வி எழுதிக் கொடுத்ததுபோல் அந்த ஒரு கடிதத்தில் இருந்தது.

அதை அச்சுக்கு அனுப்பிவிட்டேன். கை அனுப்பிவிட்டது. பிரின்டர் கத்திக்கொண்டே வரி வரியாக அதை வெளியே தள்ளியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு அந்தத் தாளை மட்டும் மடிப்பில் கிழித்து, நாலாக மடித்து என் டிபன் பைக்குள் வைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் பாலாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் குப்பையோடு போட்டேன். ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை, நான் கொடுத்த தாளில் இருந்த அத்தனையும் நிஜச் செய்தி என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே நடந்தேன். அன்றைக்கு அந்தச் சமாதானம் எனக்குப் போதுமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவள் காலையில் வந்ததும் என் மேஜைப் பக்கம் நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

“வேணாம்க்கா. வரலேனு நீயே நல்ல இங்லீஷ்ல எழுதிடு.”

நல்ல இங்கிலீஷில்தான் எழுதினேன். அவர்களும் மரியாதையாகப் பதில் போட்டார்கள், மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்று. அதையும் நான் அச்செடுக்கவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து நானே வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனேன். அதே குழுவில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்துத்தான் போனேன். அதுவும் ஒரு சின்ன, புது கம்பெனிதான். அது நிற்குமா என்று நான் யாரையும் கேட்கவில்லை. கடைசி நாள் அவள் எனக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்து, பஸ் கிளம்புகிற வரை கையாட்டிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைத் தாள் நின்றுபோனது. அவளுக்காக வேறு யாரும் பிரவுசிங் சென்டருக்குப் போகவில்லை.

பேக்டரி செய்திகள் அவ்வப்போது காதில் விழும். அவள் அங்கேயே இருந்தாள். கல்யாணம் ஆனது, பக்கத்து ஊரிலேயே. அவள் எழுதிய புரோகிராமைப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் போட்டுத் தானே ஓட்டிக்கொண்டிருந்தாளாம். சில வருடங்களில் பேக்டரி அந்த பெங்களூர் கம்பெனியிடமே புது சாஃப்ட்வேர் வாங்கியது. கம்பெனி நின்றது மட்டுமல்ல, இரண்டு மாடி எடுத்து உட்கார்ந்திருந்தது. சாஃப்ட்வேரை எப்படி ஓட்டுவது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க அங்கிருந்து ஒரு ஆள் வந்து மூன்று நாள் தங்கினாராம். இதைப் போனில் சொன்னவள் வேறு ஒரு பழைய சிநேகிதி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐந்தாறு வருடம் அவள் கண்ணில் படாமல் தப்பித்தேன். பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது, கேக்கை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பஸ்ஸில் வாக்கியத்தைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அவளுக்கு ஒரு பெண் குழந்தை. அவள் புருஷன் டியூட்டிக்குப் போயிருந்தான். டீ போட்டுக் கொடுத்துவிட்டு, என் லேப்டாப்பைப் பார்த்ததும், “நம்ம குழு இன்னும் கீதாக்கா?” என்று கேட்டாள்.

அந்தக் குழு ஓய்ந்துவிட்டது, இப்போது எல்லோரும் ஒரு வெப்சைட்டில் கூடுகிறார்கள் என்று திறந்து காட்டினேன். நெட் கனெக்‌ஷனுக்கு ஒரு சின்னக் குச்சியைச் சொருகி வைத்திருந்தேன். ஊர்ப்பட்ட செய்தி வரும், படிக்கிறவர்கள் ஓட்டுப் போடுவார்கள், நிறைய ஓட்டு வாங்கினது மேலே ஏறும் என்று சொன்னேன். ஆர்வமாகக் கேட்டுக்கொண்டாள்.

“யாருக்கும் பிடிக்காதது எங்க போவும்?”

“கீழ போய்டும். யாரும் பாக்க மாட்டாங்க.”

அவள் திரையைக் கடைசிவரை கீழே நகர்த்திப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“அந்தக் காலத்துல எனக்கு நீதான் ஓட்டுப் போட்டு அனுப்பிச்ச, இல்ல?”

அவள் என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

“ஒவ்வொரு நியூஸுக்கும் தலைல நம்பர் போட்டு வரும்க்கா. வரிசையா. எப்பவும் ஒண்ணு விடாம இருக்கும். அந்த பெங்களூரு வேலை வந்துச்சே, அந்த ரெண்டு வாரம் மட்டும் நடுவுல நடுவுல நம்பர் இல்ல. ஒண்ணுக்கப்புறம் ஆறு, அப்புறம் பதினொண்ணு. பஸ்ல ஒக்காந்து எண்ணிப் பாத்தேன், முப்பதுக்கு மேல காணோம்.”

தெரிந்திருக்கிறது. ஒரு புரோகிராமில் விட்டுப்போன ஒரு புள்ளியைக் கண்டுபிடிக்கிறவளுக்கு இது தெரியாமல் போகுமா என்று ஏன் எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை? திட்டப் போகிறாள், திட்டட்டும், அப்படியாவது முடியட்டும் என்றுகூட இருந்தது.

“நீ காட்டுனதே அவ்ளோ மோசமா கீது” என்றாள். “அப்ப காட்டாத வச்சதெல்லாம் இன்னும் எவ்ளோ மோசமா இருக்கும்னு நெனச்சேன். நான் பயந்துடுவேன்னுதானே எடுத்துட்ட? எங்கப்பாகிட்டகூட அதத்தான் சொன்னேன். அக்கா என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பாதி மறைச்சி குடுக்குதுப்பா, இதுக்கு மேல நான் போகலேன்னேன்.”

குழந்தை வந்து அவள் மடியில் ஏறி உட்கார்ந்தது. தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் என் வாய்வரை வந்தது.

“அதுக்கு நான் ஒரு தேங்க்ஸ்கூட சொன்னதில்லக்கா” என்றாள்.

“பரவால்லடி” என்றேன்.